கலவை மெஷினை இழுக்க எந்தப் பழைய வண்டி? – விவாத இழை

கேள்வி, 1 ஜூன் 2025 (காரிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)

கட்டட மேஸ்திரி வேலை செய்கிறேன். சொந்தமாக ஒரு மூட்டைக் கலவை மெஷின் (ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமென்ட் போட்டுக் கலக்குவது) இருக்கிறது. இதுவரை வாடகை டிராக்டரில் கட்டித்தான் இழுத்துச் சென்றேன். இப்போது பழைய வண்டி ஒன்று வாங்கி, குடும்பமும் அதில் போகலாம், மெஷினையும் அதிலேயே இழுக்கலாம் என்று நினைக்கிறேன். டீசல் ஸ்விஃப்ட் ஒன்று நல்ல நிலையில் வருகிறது. பொலிரோ, சுமோ இரண்டும் விசாரித்து வைத்திருக்கிறேன். ஸ்விஃப்ட் இன்ஜினுக்கே போதுமான இழுவை உண்டு என்கிறார்கள். பொலிரோ எடுத்தால் பெரிய டயர், முன்னால் கம்பி பம்பர், பின்னால் கொக்கி எல்லாம் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றும் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2 ஜூன் 2025, காலை

வண்டி இழுக்குமா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அது நிறுத்துமா என்பது. இழுக்கத் திராணி இல்லாத வண்டி மேட்டில் நின்றுவிடும், இறங்கி இன்னொரு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நிறுத்தத் திராணி இல்லாத வண்டி நம் பக்கத்து இறக்கங்களில் என்ன ஆகும் என்பதை, பாலக்கோட்டில் பிரேக், கிளட்ச் வேலைக்கான பட்டறை நடத்திய காலம் முழுவதும் பார்த்தவன் நான். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

இன்ஜினை வைத்து ஸ்விஃப்டைச் சிபாரிசு செய்பவர்களின் கணக்கில் பிழை இல்லை. அதன் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. 2016இல் நான்கு மீட்டர் நீளத்துக்குள் சுருக்கி வெளிவந்த பொலிரோ பவர் பிளஸ்ஸின் 1.5 லிட்டர் இன்ஜின் தருவது 195. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அந்த விசையைத் தாங்கி நிற்கும் உடம்பு வேறு. பொலிரோ, சுமோ, குவாலிஸ், தவேரா ஆகியவற்றில் ஏணிச் சட்டம் போலத் தனியாக ஒரு சேஸிஸ் உண்டு, கொக்கியை அந்த இரும்பிலேயே போல்ட் போட்டு முடுக்கலாம். ஸ்விஃப்டில் தனிச் சேஸிஸ் கிடையாது. தகட்டை மடித்துப் பற்றவைத்த உடலே அதற்குச் சட்டம் என்பதால், பின்னால் கொக்கியை எங்கே பொருத்தினாலும் அது மெல்லிய தகட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். சிறிய கார்களின் கையேட்டில் டிரெய்லர் இழுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருப்பதும் உண்டு, அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்தான் குறைவு.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்விஃப்டில் முன்சக்கரங்களே வண்டியை ஓட்டுகின்றன, திருப்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் சுமக்கின்றன. பின்னால் கொக்கியில் பாரம் அழுத்தும்போது முன்பக்கம் அந்த அளவுக்கு லேசாகிவிடுகிறது. மூன்று வேலையையும் செய்ய வேண்டிய சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்புக் குறைந்தால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

2 ஜூன் 2025, மாலை

காலையில் வண்டியைப் பற்றி மட்டும் எழுதினேன், மெஷினைப் பற்றிச் சொல்லாமல் அது முடியாது. ஹாப்பர் (ஜல்லி, மணலைக் கொட்டும் தொட்டி) வைத்த ஒரு மூட்டைக் கலவை மெஷின் ஒரு டன்னைத் தாண்டும். அதற்குப் பிரேக் இல்லை, ஸ்பிரிங் இல்லை, விளக்கு இல்லை. டயர்கள் பெரும்பாலும் வேறொரு வண்டியில் ஓடித் தேய்ந்து, இனி எதற்கும் உதவாது என்று கழற்றியவை. ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் அதோடு, இழுக்கும் வண்டியின் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த அளவுகோலை நம் மெஷினுக்கு வைத்தால், ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள பொலிரோவுக்கே அது அதிகம். ஒரு டன்னை ஒட்டிய எடை கொண்ட ஸ்விஃப்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

நம் நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் இழுத்துச் செல்வதற்கான எந்த வாகனத்தையும் டிரெய்லர் என்றே வரையறுக்கிறது (அரை டிரெய்லரும் சைடு காரும் மட்டும் விலக்கு). அதன் 61ஆம் பிரிவு டிரெய்லருக்கும் பதிவு வேண்டும் என்கிறது. இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். சாலையில் ஓடும் கலவை மெஷின்களில் எத்தனைக்கு இது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். விபத்து நடந்தபின் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

4 ஜூன் 2025

ஓசூர் நண்பர், "நாற்பது, ஐம்பதில் மெதுவாகப் போனால் எந்த வண்டியிலும் இழுக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். சமதரையில் அவர் சொல்வது ஓரளவுக்குச் சரி. நம்முடையது சமதரை இல்லை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. தேசிய நெடுஞ்சாலை 44 இந்த உயரத்தை ஒரே சீராக இறங்குவதில்லை. மேலுமலையில் ஒரு பகுதியை இறங்குகிறது, கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வரை ஏறி இறங்கிக்கொண்டே வருகிறது, பிறகு தொப்பூர்க் கணவாயில் ஒரேயடியாகச் சரிகிறது. பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கலுக்குப் போகும் சாலையும் அப்படித்தான். அஞ்செட்டிப் பக்கம் வேலைக்குப் போனால் கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்துகொள்ளும்.

இறக்கத்தில் பிரேக்குக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த விவாதத்தில் பாதி முடிந்துவிடும். பின்சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணமான டிரம் சூடேறும்போது விரிகிறது, அதாவது உள்ளிருந்து அதை உராய்ந்து நிறுத்தும் லைனர் பட்டையை விட்டு விலகுகிறது. அதை எட்டிப் பிடிக்கப் பெடலை முன்பைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. மேலும் சூடேறினால் லைனரில் உள்ள பிசின் ஆவியாகி, லைனருக்கும் டிரம்முக்கும் நடுவே நின்று உராய்வைக் கெடுக்கிறது. பட்டறைக்கு வரும் அப்படிப்பட்ட லைனரை நகத்தால் சுரண்டினால் தூளே வராது, மேல்பரப்பு வழுவழுவென்று மினுங்கும், டிரம்மின் உட்புறத்தில் நீலம் பாரித்த வட்டங்கள் தெரியும். இவற்றுக்கெல்லாம் மேலே பிரேக் ஆயில் இருக்கிறது. டாட் 3, டாட் 4 என்பவை அதன் தர வகைகள். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது, ஈரமேறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரமேறியபின் 155. கொதித்த ஆயிலில் குமிழி உண்டாகும், குமிழியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர விசையைச் சக்கரத்துக்குக் கடத்தாது. பெடல் தரைவரை போய்விடும். பழைய வண்டி விற்பவர்களிடம் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள், பதில் சொல்லத் தெரிந்தவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இதில் வேகத்தின் பங்கும் இருக்கிறது. வேகம் இருமடங்கானால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. இருபதில் போவதும் நாற்பதில் போவதும் பிரேக்குக்கு ஒன்றல்ல.

5 ஜூன் 2025

"இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்" என்று ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. தொப்பூரில் லாரிகள் கட்டுப்பாட்டை இழப்பதற்கான காரணங்களில் இந்தப் பழக்கமும் ஒன்று என்று பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். 2020 டிசம்பரில் அங்கே லாரி ஒன்று வரிசையாக நின்றிருந்த வாகனங்கள் மீது மோதியது பலருக்கு நினைவிருக்கும். இன்றைய காமன் ரெயில் டீசல் இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் தானே சுற்றிக்கொண்டிருக்க டீசல் செலவாகிறது. ஆக மிச்சமும் இல்லை, இன்ஜின் தரும் பிரேக்கும் போய்விடுகிறது. மேட்டில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள்.

8 ஜூன் 2025, ஞாயிறு இரவு

கேள்வி கேட்ட தம்பி அழைத்ததால் இன்று கிருஷ்ணகிரியில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் பொலிரோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். வெள்ளை நிறம், பளபளவென்று பாலிஷ், மீட்டரில் எழுபதாயிரத்துக்கும் குறைவு, சிங்கிள் ஓனர் என்றார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன் பானட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி உயிர் பெறுகிறது என்பதைப் பார்க்கவிடாத வண்டியில் எனக்குப் பாதி ஆர்வம் அப்போதே போய்விட்டது.

பிறகு உள்ளே உட்கார்ந்து மூன்று பெடல்களையும் பார்த்தேன். மூன்றிலும் ரப்பர் புதிது. எழுபதாயிரம் கிலோமீட்டரில் பெடல் ரப்பர் மாற்றும் தேவை யாருக்கும் வராது. ஸ்டியரிங்கில் கை படும் இரண்டு இடங்களும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தன. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. முன்டயர்கள் 2023இல் செய்தவை, ஸ்டெப்னி மட்டும் வண்டியோடு பிறந்தது.

இவையெல்லாம் பேரம் பேசுவதற்கான விஷயங்கள். வண்டியை வேண்டாம் என்று சொல்ல வைத்தது வேறு. பின்பக்கம் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். பின்பம்பருக்குப் பின்னால் சேஸிஸின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. கம்பெனி போட்ட ஓட்டையின் விளிம்பு சுத்தமான வட்டமாக இருக்கும். இவை கையில் டிரில் போட்டவை, அதிலும் மேல் இரண்டு ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் பின்னோக்கி இழுபட்டு முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. சட்டத்தின் நடுப்பகுதி வெளிப்பக்கமாக லேசாக வளைந்திருந்தது. அதன்மேல் புதிய கறுப்புப் பெயின்ட். இந்த வண்டி எதையும் இழுத்ததே இல்லை என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே படுத்திருந்த எங்களுக்கு எதிரிலிருந்த இரும்பு வேறு கதை சொன்னது.

பின்சக்கரத்துக்குப் பின்னால், ஸ்பிரிங் பட்டையின் தாங்கி சேஸிஸில் சேரும் மூலையில் சேறு தங்கும், துரு முதலில் பிடிப்பது அங்கேதான். சிறிய ஸ்குரு டிரைவரின் கைப்பிடியால் அங்கே தட்டிக் கேட்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இங்கே ஓசை மொத்தென்று வந்தது, தட்டிய இடத்தில் பெயின்டோடு சேர்ந்து ஒரு சில்லு உதிர்ந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

9 ஜூன் 2025

நேற்று விட்டுப்போன ஒன்று. வண்டியைப் பார்க்கும்போது இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அங்கேயே வையுங்கள். மூடி துள்ளி விழும் அளவுக்கு அல்லது புகை குபுகுபுவென்று வரும் அளவுக்குக் காற்றடித்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன என்று சந்தேகப்படலாம். கிளட்சுக்கு, கைப்பிரேக்கை முழுவதும் இழுத்து மூன்றாவது கியரில் போட்டு மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது, பாரம் இழுக்கும் வேலைக்கு அந்தக் கிளட்ச் ஒரு மாதம் தாங்காது.

11 ஜூன் 2025

பொலிரோவுக்கும் சுமோவுக்கும் குவாலிஸுக்கும் நடுவில் எது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சேஸிஸ் உண்டு என்ற அளவில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி மேலே எழுதினேன். உதிரிபாகத்தையும் வயதையும் வைத்து யோசித்தால் வரிசை மாறுகிறது. குவாலிஸ் 2005இல் நின்றுபோன வண்டி. இரும்பு தரமானது, 2.4 லிட்டர் டீசல் இன்ஜினை எளிதில் கொல்ல முடியாது, என் மனத்துக்குப் பிடித்த வண்டியும் அதுதான். ஆனால் இன்று ஒரு வீல் சிலிண்டர் (சக்கரத்துக்குள் லைனரைத் தள்ளும் பிரேக் பாகம்) வேண்டுமென்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சுமோவின் தயாரிப்பும் 2019இல் நின்றுவிட்டது. பொலிரோவுக்குப் பாலக்கோட்டிலும் அரூரிலும் கடைத்தெருவிலேயே சாமான் கிடைக்கிறது, வேலை தெரிந்த மெக்கானிக்கும் இருக்கிறார். பிரேக் சாமான் அன்றைக்கே கிடைக்காத வண்டியை மக்கள் ஓட்டாமல் நிறுத்திவைப்பதில்லை, பிரேக் குறைவாகவே ஓட்டுகிறார்கள். அதனாலேயே உங்கள் வேலைக்குப் பொலிரோ என்கிறேன்.

பதினைந்து வயதை நெருங்கும் வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிப்பையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், முன்பு 600தான். தாமதமானால் மாதத்துக்கு 500 கூடும். பசுமை வரி தனி.

13 ஜூன் 2025

கே.ஏ. எண் வண்டிகள் ஓசூரில் மலிவாகக் கிடைக்கின்றனவே என்ற கேள்விக்கு. மலிவுக்குக் காரணம் காகிதம். கர்நாடகத்தில் பதிந்த வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் 47ஆம் பிரிவு. அதற்கு அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதிப் பங்கைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிப்பது வண்டி யார் பெயரில் இருந்ததோ அவரோடு சம்பந்தப்பட்டது. கடன் இருந்த வண்டி என்றால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35இல் வங்கியின் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் டி.என். 24 (கிருஷ்ணகிரி), டி.என். 29 (தருமபுரி) வண்டிக்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

15 ஜூன் 2025

கேள்வியில் கேட்டிருந்த மாற்றங்களைப் பற்றி இன்று எழுதுகிறேன். கம்பி பம்பரை முதலில் மறந்துவிடுங்கள். 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மாநிலங்களுக்கு எழுதி, நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கம்பி மோதலின் விசையை நசுங்கி விழுங்காமல் நேராகச் சேஸிஸுக்கு அனுப்புகிறது, நடந்து போகிறவர் மீது பட்டால் அவருக்கு நேர்வதை நினைத்தாலே அதைப் போட மனம் வராது.

பெரிய டயரைப் பற்றி நண்பர்கள் அழகை வைத்துப் பேசுகிறார்கள். டயரின் விட்டம் கூடினால் பிரேக்கின் பிடி தரையைச் சேரும்போது அதே விகிதத்தில் குறைகிறது, ஏனென்றால் டிரம்மும் டிஸ்கும் அதே அளவில்தான் இருக்கின்றன, எதிர்த்து நிற்கும் நெம்புகோலின் நீளம் மட்டும் கூடிவிட்டது. முதல் கியரின் இழுவையும் அப்படியே குறைகிறது. ஆகவே பாரம் இழுக்கப் போகிறவர் பெரிய டயர் போடுவது, இழுப்பதையும் நிறுத்துவதையும் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்வது. கம்பெனி சொன்ன அளவிலேயே, பாரக் குறியீடு (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) குறையாத புதிய டயர் நான்கு வாங்குங்கள்.

பின்னால் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்ப்பது நம் பட்டறைகளில் சாதாரணமாகச் செய்யும் வேலை. மெஷினைக் கட்டும்போது வண்டியின் பின்புறம் உட்காராமல் இருக்கும் என்பது உண்மை. மெஷின் இல்லாமல் குடும்பத்தோடு மழையில் போகும்போது பின்சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்காமல் துள்ளும் என்பதும் உண்மை. நீங்கள் இரண்டுக்கும் ஒரே வண்டியை ஓட்டுவதால் நான் சேர்க்க மாட்டேன். அதற்குப் பதில் கொக்கியில் அழுத்தும் எடையைச் சரிபாருங்கள். டிரெய்லரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். அதைவிட மிகவும் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும், கூடினால் முன்சக்கரத்தின் பிடிப்புக் குறையும்.

கொக்கியைச் சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் பிடிக்கும் தகடு வைத்து, தலையில் 8.8 என்று வலுவின் தரம் அச்சிட்ட போல்ட்டுகளால் முடுக்கச் சொல்லுங்கள். குறுக்குச் சட்டத்தின் நடுவில் மட்டும் பிடித்தால் அன்று நாம் பார்த்த முட்டை வடிவ ஓட்டைதான் முடிவு. கொக்கியில் மாட்டிய இரும்பு ஊசி கழன்றாலும் மெஷின் சாலையில் தனியாக ஓடாமல் இருக்க, கொக்கியின் அடியில் குறுக்காகப் போகும்படி இரண்டு சங்கிலிகளைத் தனித் தனி வளையங்களில் மாட்டுங்கள். மெஷினின் பின்னால் பிரேக் விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வைக்க ஆகும் செலவு அந்தக் கம்பி பம்பரின் விலையில் ஒரு சிறு பகுதி. இருட்டிய பின் ராயக்கோட்டைச் சாலையில் விளக்கில்லாத மெஷினுக்குப் பின்னால் பைக்கில் வருபவரை நினைத்துப் பாருங்கள். மெஷின் இல்லாத நாட்களில் கொக்கியைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு பின்னால் வந்து இடிப்பவரின் முழங்காலுக்குச் சரியான உயரத்தில் இருக்கிறது.

மாற்றத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை நான்கு சக்கர பிரேக், டாட் 4 ஆயில், ரேடியேட்டர் சுத்தம், புதிய கூலன்ட், டயர் என்ற வரிசையில் செலவழியுங்கள். வெளியே எதுவும் தெரியாது என்பது அதன் குறை என்றால், அந்தக் குறை இருந்துவிட்டுப் போகட்டும்.

16 ஜூன் 2025

பழுதாகி நின்ற காரைக் கயிறு கட்டி இழுப்பது பற்றி ஒரு அம்மா கேட்டிருக்கிறார். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் இரண்டு வண்டிகளுக்கு இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் வகுத்தன. அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இழுபடும் காரில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், அதன்பின் பெடல் கல் போல இறுகும், முழுப் பலத்தோடு மிதித்தால்தான் நிற்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்கவே வேண்டாம், மேலே ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள். பழைய கார் வாங்கும்போது திருகி மாட்டும் இழுவளையம் டூல்ஸ் பையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் ஜாக்கி இருக்கும், அது மட்டும் காணாமல் போயிருக்கும்.

22 ஜூன் 2025

இத்தனையும் எழுதியபின் இன்னொரு கோணத்திலும் யோசித்தேன். காரிமங்கலத்திலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில், பகலில், இருபதுக்குள் மெதுவாக மெஷினை இழுத்துச் செல்லப் பொலிரோ போதும். ஆனால் மேலுமலை, தொப்பூர், ஒகேனக்கல் இறக்கம், அஞ்செட்டி ஆகிய நான்கையும் இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் முடிவு. அந்தப் பக்கம் வேலை கிடைத்தால் மெஷினைச் சிறிய லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு அதன் வாடகையைக் கூலியில் சேர்த்துக் கேளுங்கள். வேலை கொடுப்பவர் முணுமுணுப்பார், கொடுத்துவிடுவார். பின்னால் பிரேக்கில்லாத ஒரு டன் தள்ளிக்கொண்டிருக்க, முன்சீட்டில் குழந்தையோடு அந்த இறக்கங்களில் இறங்குவதற்கு எந்த வண்டியையும் எந்த மாற்றத்தையும் என்னால் சிபாரிசு செய்ய முடியாது.

வேலை பெரும்பாலும் மலைப்பக்கம்தான் என்றால் ஒரே வண்டியில் இரண்டு வேலை என்ற யோசனையையே விட்டுவிடலாம். குடும்பத்துக்கு அந்த ஸ்விஃப்டையே வாங்கிக்கொண்டு, மெஷினுக்குப் பழையபடி வாடகை வண்டி வைத்தால் கணக்குக் கட்டுப்படியாகுமா என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

29 ஜூன் 2025, ஞாயிறு

தம்பியின் வேலை பெரும்பாலும் காரிமங்கலம், பாலக்கோடு சுற்றுவட்டாரம்தான் என்பதால் பொலிரோவையே எடுத்துவிட்டார். பென்னாகரம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திடமிருந்து, டி.என். 29 எண். பெயின்ட் மங்கல், இருக்கைத் துணி கிழிசல், ஆனால் சேஸிஸ் முழுவதும் கம்பெனி ஓட்டை மட்டுமே, தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. எடுத்த கையோடு நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன். பின்பக்க வலது டிரம்மைத் திறந்ததும் வீல் சிலிண்டரின் ரப்பருக்கு அடியில் பிரேக் ஆயில் கசிந்து லைனரின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. ஓட்டிப் பார்த்தபோது பிரேக் பிடித்தால் வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்ததற்குக் காரணம் அதுதான். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு பக்கப் பிடியும் சமமாகாது என்பதால் இரண்டு சிலிண்டரும், இரண்டு பக்க லைனரும் புதிது போட்டு, டாட் 4 ஊற்றிக் காற்றெடுத்தாகிவிட்டது. டயர் நான்கும் மாற்றியாயிற்று.

தம்பிக்கு மீதி இருப்பவை: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவரின் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள், விற்றவர் 14 நாளுக்குள்ளும் நீங்கள் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி உங்களுக்கு மாறிவிடும், ஆனாலும் பாலிசியில் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி தானாக மாறாது. மெஷினை டிரெய்லராகப் பாலிசியில் சேர்க்கத் தனிப் பிரீமியம் எவ்வளவு என்றும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரக்கடைசிவரை தள்ளிப்போடாமல் நாளை திங்கட்கிழமையே போய்விடுங்கள்.